லேப்டாப்பில் ஒரு காலி இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டீச்சராக இருந்தேன். டீச்சர் என்றால், என் மாணவர்களைவிட மூன்று மாதம் முன்னால் அதே கோர்ஸை அங்கேயே படித்து முடித்தவள். முதலாளி அதற்கெல்லாம் முன்பு அந்த இடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். காலம் மாறியதும் போர்டை மாற்றினார்.

பெங்களூரிலிருந்து யாரோ பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்கிவந்து கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். சேர்க்கைக்கு வரும் பெற்றோருக்கு அதைத் திறந்து காட்டுவார். அது கண் விழிப்பதற்குள் அவர்கள் டீ குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிடுவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "சீக்கிரம் முழிக்கிற மாதிரி இதுக்கு மெமரி ஏத்த முடியுமான்னு பாரும்மா. நீதானே இங்க எக்ஸ்பர்ட்."

எந்தக் கம்ப்யூட்டரின் உட்புறத்தையும் நான் அதுவரை பார்த்ததில்லை. "பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

யாருக்கும் சந்தேகம் வராதபடி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காய்கறி வாங்கும் ஒயர் கூடையில் வைத்து, எலக்ட்ரிக் டிரெயினில் ஆவடிக்குக் கொண்டுவந்தேன். அப்பா அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து இருபது வருடமாகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததுமே அவர் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி, அடுத்தவன் சாமானக் கழத்தாத. ஒரு ஸ்குரூ தொலைஞ்சாலும் ஒனக்குத்தான் மெமோ வரும்."

லேப்டாப்பின் அடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதற்கு இரண்டே ஸ்குரூ. அப்பா அவற்றை டம்ளரில் போட்டு, டம்ளரை மடியிலேயே வைத்துக்கொண்டார். மூடியைத் திறந்தேன். உள்ளே காலியாக ஒரு இடம். சத்தமாகச் சிரித்துவிட்டேன். காலி இடம் இருந்தால் மெமரி ஏற்றலாம். இதில் என்ன சந்தேகம்?

அம்மா எட்டிப் பார்த்தாள். "உள்ள என்னட்டி இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா. காலி."

"அதுக்கா இம்புட்டு சந்தோசம்?"

மறுநாள் காலையில் முதலாளிக்குப் போன் செய்து, "முடியும் சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதிலுக்கு, திங்கட்கிழமை பத்துப் பெற்றோரை வரச்சொல்வதாகச் சொன்னார்.

மெமரி போடுவதற்காக அன்றே அதே கூடையோடு குமணன்சாவடிக்குப் பஸ் ஏறினேன். டிவி ரிப்பேர் கடையில் ஒரு பாதியைக் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கியிருந்தார் ஒரு மெக்கானிக். என் வயதுதான் இருக்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இதுலயா மெமரி போடச் சொல்றீங்க? இது போன் ஒயர் சொருகுற மோடம் குந்துற எடம். அத்த எவனோ உருவிக்கினு போயிட்டான்."

"அப்ப மெமரி எங்க?"

"கீபோர்டுக்கு அடியில கீது."

கீபோர்டை அப்பளம்போல் மெல்லத் தூக்கினார். அங்கேயும் ஒரே ஒரு இடம்தான். அதில் ஒரு மெமரி பலகை சொருகப்பட்டிருந்தது. அதிலிருந்த எழுத்துகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "முன்னாடி வெச்சினு இருந்தவரே ஏத்திட்டுக்கீறாரு மேடம். இதுக்கு மேல இது தாங்காது."

அதாவது நாங்கள் இதுவரை பார்த்ததே மெமரி ஏற்றிய பிறகான வேகம்தான்.

திங்கட்கிழமை முதலாளியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்து, "அப்ப இதுல மெமரி ஏத்தியாச்சு, அதானே?" என்றார்.

"ஆமா சார். ஆனா நாம ஏத்தல."

"யார் ஏத்துனான்னு யாரும்மா கேக்கப் போறா?"

அன்று வந்த பெற்றோரிடம், மெமரி உச்ச அளவுக்கு ஏற்றப்பட்ட லேப்டாப் என்று அறிமுகம் செய்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அது கண் விழிக்கும்வரை, அதைக் கழற்றிப் பார்த்தவள் என்று என்னையும் காட்டினார். நாலு பேர் சேர்ந்தார்கள். அடுத்த வாரமே ஹார்டுவேர் வகுப்பு தொடங்கி அதற்கு என்னையே டீச்சராகப் போட்டார்.

மறுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமைதோறும் குமணன்சாவடிக்குப் போய் அந்த மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்ததைத்தான் திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதினேன். அவர் சொல்ல மறந்ததை நானும் நடத்தவில்லை.