அவர் மேசையில் நான் வைத்த மனு

தொண்ணூறுகளின் கடைசியில் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். எங்கள் அதிகாரி மணியை ஒருமுறை அடித்தால் பியூன் போக வேண்டும். இரண்டுமுறை அடித்தால் தட்டச்சர். இரண்டாவது மணி கேட்டதும் எங்கள் கூடத்தில் சிரிப்பு எழும்.

"போம்மா, ஐயாவுக்குத் தனியா இருக்கப் பயமா இருக்காம்" என்பார் பக்கத்து மேசைக்காரர். நானும் சிரித்திருக்கிறேன்.

தட்டச்சர் குரும்பலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். கணவன் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். தகுதிகாண் பருவம் முடியவில்லை. அதிகாரி நல்லபடியாக எழுதிக்கொடுத்தால்தான் வேலை நிலைக்கும். அது அவருக்கும் தெரியும்.

அறையைவிட்டு வெளியே வரும்போது முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். மதியச் சாப்பாடு பிரிக்காமலே வீட்டுக்குத் திரும்பும். மணி அடிக்கும் நேரமாகப் பார்த்து அந்த அறையைப் பெருக்க வரச்சொல்லி, கூட்டிப்பெருக்கும் பெண்ணிடம் கெஞ்சுவாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒருநாள் இரண்டு பக்க மனுவோடு என் முன்னால் வந்து நின்றாள். தட்டச்சு செய்யாமல் கையால் எழுதியிருந்தாள். மாவட்டத் தலைமைக்கு எழுதியது.

"சார், இத நேரா மேல அனுப்பிடுங்க சார்."

"அப்படியெல்லாம் முடியாதும்மா. எந்த மனுவும் உரிய வழியாத்தான் போகணும்."

"அந்த வழியில அவருதானே சார் உக்காந்திருக்காரு?"

மனுவை வாங்கிக்கொண்டேன். தேதி முத்திரை குத்தினேன், எண் போட்டேன், அன்றைய தபால்களோடு சேர்த்து அதிகாரியின் மேசையில் வைத்தேன். இத்தனை வருடங்களில் ஒரு காகிதம்கூட என் கையில் வழி தவறியதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆனால் உண்மை அது மட்டுமல்ல. விதியைக் காட்டிவிட்டால் நான் யார் பக்கமும் நிற்க வேண்டியதில்லை.

மாலையில் மனு பச்சை மைக் குறிப்போடு திரும்பி வந்தது. மேலதிகாரிமீது அவதூறு, விளக்கம் கேட்கவும். குறிப்பாணையை நான்தான் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது, எங்கள் அலுவலகத்தில் தட்டச்சர் ஒருவர்தான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தாள். கார்பன் தாளைச் செருகி, மூன்று பிரதி அடித்தாள். ஒரு பிழை இல்லை. ஒரு பிரதியில், பெற்றுக்கொண்டேன் என்று அவளே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள். மறுவாரம் ராஜினாமா கடிதம் வந்தது. அதையும் உரிய வழியாகவே அனுப்பினேன். அந்த மனு மாவட்டத் தலைமைக்குப் போகவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அரியலூரில் ஒரு விண்ணப்பம் அடிக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அவள் இருந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. திரும்பிப் போய்விட நினைத்தேன், அதற்குள் பார்த்துவிட்டாள்.

"உக்காருங்க சார்."

விண்ணப்பத்தை அடித்துக் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"நீங்க அன்னைக்கு அந்த மனுவக் கிழிச்சுப் போட்டிருந்தாக்கூட நான் இன்னும் வேலையில இருந்திருப்பேன் சார்" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு எனக்குப் பின்னால் நின்றிருந்த பெரியவரிடம் கையை நீட்டினாள்.

"கொடுங்கய்யா. யாருக்கு எழுதணும்?"