லேயாம்மா ஹாஸ்டல் கேட்

இரண்டு திரிகளையும் ஏற்றிவிட்டு, உள்ளங்கைகளால் கண்களைப் பொத்திக்கொண்டு ஜெபம் முணுமுணுக்கிறார் லேயாம்மா. வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரம். கைகளை எடுத்தாரென்றால் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; மறுநாள் இரவு வரை ஸ்விட்சைத் தொடமாட்டார், காசைத் தொடமாட்டார், வியாபாரம் பேசமாட்டார். ஹாஸ்டலுக்குப் புதிதாக வந்த பெனிஷா, முதல் வாரம் விளக்கைப் பார்த்துவிட்டு, "ஹேப்பி பர்த்டே ஆன்ட்டி" என்றாள். "வாரா வாரம் எனக்குப் பொறந்தநாளுதான், கேக்குதான் இல்ல" என்றார்.

ஒரகடம் பக்கம் யூதர் என்றால் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பெண்கள் ஹாஸ்டல் நடத்துகிறார். எழுபத்தைந்து தாண்டிவிட்டது, இன்றுவரை நைட்டிக்கு மேல் துண்டு போடச் சம்மதித்ததில்லை.

பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரி. ஜெப ஆலயத்தில் பெண்களுக்கு மாடிதான். ஆனால் மாடியிலிருந்து அம்மாவும் அத்தைகளும் பாட ஆரம்பித்தால், கீழே ஆண்கள் வாயை மூடிக்கொண்டு கேட்பார்களாம். அவர்கள் எல்லோரும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் டைப்பிஸ்ட் வேலைக்கு மெட்ராஸ் ரயில் ஏறினார். சொந்தச் சம்பளம், சொந்தக் குடை, தனியாக மாட்னி ஷோ. என்ன காலம் அது!

"பெண் விடுதலைன்னு கூட்டம் போடுவாங்க. நானும் போய்க் கைதட்டுவேன். நல்லாத்தான் பேசுவாங்க. முடிச்சிகினு ஹாஸ்டலுக்கு வந்தா, வார்டன் எட்டு மணிக்கே கேட்டைப் பூட்டிகினு தூங்கிடுவா. விடுதலை வெளிய மழையில நின்னுகினு இருக்கும்!"

அதனால் தன் ஹாஸ்டலுக்கு வாட்ச்மேன் வைத்தார், பூட்டு வைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஸ்ரீதர் பெரிய பூட்டு ஒன்றோடு வந்து நின்றார். பாதி அறைகளில் இருப்பது அவர் சேர்த்துவிட்ட பெண்கள்தான்.

"எட்டு மணிக்கு மேல எவளும் வெளிய சுத்தக்கூடாதும்மா. கேட்டைப் பூட்டணும். இல்லாங்காட்டி அத்தினி பேரையும் வேற ஹாஸ்டலுக்கு மாத்திடுவேன்."

"வெளக்கு ஏத்திட்டேன் ஸ்ரீதரு. நாளைக்கு ராத்திரி வா, பேசலாம்."

"இதுல பேச இன்னா கீது? இன்னிக்கே பூட்டிட்டுத்தான் போவேன்."

பெண்கள் மாடிப்படியில் கூடிவிட்டார்கள். கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கப் போன எழிலரசி இன்னும் திரும்பவில்லை. பாதி ஹாஸ்டல் காலியானால் லேயாம்மா பாடு திண்டாட்டம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஸ்ரீதர் இரும்புக் கதவுகளில் ஒன்றைச் சாத்திவிட்டு, மற்றதை இழுத்தார்.

லேயாம்மா வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தரதரவென்று இழுத்துப்போய், இரண்டு கதவுகளுக்கும் நடுவே போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.