மூலையில் ஒரு பிடிப் புல்

கண்ணை இறுக மூடிக்கொண்டு, சதுர மரச்சட்டத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுகிறார் தாயாரம்மாள். அது விழுந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் அரிவாளை எடுப்பார். முள்ளுக்குள் போய் விழுந்தால் சட்டத்துக்குத் திட்டு விழும்: "ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா?" ஆனால் ஒரு விரல்கூட நகர்த்த மாட்டார். கை கிழிந்தாலும் அங்கேயேதான் அறுப்பார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற வழியிலுள்ள மலைக்கரடு இது. எவ்வளவு புல் விளைகிறது என்று அளக்க என்னை அனுப்பியிருக்கிறார்கள்; புல் அறுக்க உதவிக்கு வந்தவர், இங்கே ஆடு மேய்க்கிற தாயாரம்மாள். கரடு முழுவதையும் அறுத்துப் பார்க்க யாரால் முடியும்? சட்டம் விழுந்த இடங்களில் மட்டும் ஒட்ட அறுத்து நிறுத்தால் போதும், மொத்தத்தையும் கணித்துவிடலாம். மேய்ச்சலுக்கு லாயக்கில்லை என்று கணக்கு வந்தால் கரடு கல்குவாரிக்குப் போய்விடும்.

"இதுல மேஞ்ச ஆட்ட வித்துதான் சார் எம்பொண்ணு அபி நர்சுக்குப் படிச்சிகினு கீது. சோறு போட்ட நைனா இது." கரட்டைத்தான் சொல்கிறார். பெற்ற அப்பாவை இவ்வளவு உருகிக் கூப்பிட்டிருப்பாரா, சந்தேகம்தான்.

இந்த வருஷம், தொண்ணூற்றெட்டில், நல்ல மழை. புல் கண்ணுக்குச் செழிப்பு. தராசிலோ வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. குழம்பிப்போய், அறுத்த இடங்களை நேற்று திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் ஒரு பிடிப் புல் அறுபடாமல் நின்றது.

"ஆங், நாந்தாங்க உட்டேன். குடுத்த மலைய சுத்தமா வழிச்சினு போனா நல்லாருக்குமா? வேருக்கு ஒரு பிடி இருந்துட்டுப் போவட்டும்."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நன்றி செலுத்துகிறேன் என்று மலைக்கே உலை வைத்துக்கொண்டிருந்தார் மகராசி! "அந்தப் பிடியும் தராசுக்கு வந்தாத்தாம்மா மலை தப்பிக்கும்" என்றேன். 

"ஐயையோ, நானே கெடுத்துட்டனா? மறுபடி மொதல்லருந்து போட்லாம் சார்."

இன்று விடிந்ததும் வீச ஆரம்பித்தோம். "பொறுத்துக்க நைனா" என்று முணுமுணுத்தபடியே ஒட்ட அறுத்தார். தராசு இறங்கியது, வேண்டிய அளவைத் தாண்டியது. எனக்கு உயிர் வந்தது. "தப்பிச்சிச்சும்மா!" என்று கத்தினேன்.

தாயாரம்மாள் தராசைப் பார்க்கவில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி மண்ணைக் குழைத்தார். மலைக்கோயிலில் மொட்டையடித்த பிள்ளைக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி, அறுத்த சதுரம் முழுக்க உள்ளங்கையால் தடவிவிட்டார்.