காய்ந்த ஏரிக்குள் ஒரு மினி வேன்

உப்பும் டீசலும் கலந்த ஒரு வாடை... பழவேற்காடு ஏரி வற்றிக் கிடந்த அந்தக் கோடை என்றால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஏரிக்கரைக் குப்பங்களில் இறால் ஏற்றி ஆரம்பாக்கம் கொண்டுபோகும் மினி வேன் ஓட்டினேன். எங்கேயும் ஐந்து நிமிடம் நிற்கப் பொறுக்காது எனக்கு. லோடு ஏறுவதற்குள் பத்து ஹாரன் அடிப்பேன்.

ஒரு மத்தியானம் தேசம்மா அக்கா வண்டியை நோக்கி ஓடி வந்தார். ஏரியில் கையாலேயே இறால் பிடிக்கிறவர். மிச்சத் தண்ணீரில் இறங்கிய அவர் வீட்டுக்காரரின் தொடையில் திருக்கை மீனின் வால்முள் குத்திவிட்டது. சேலையைக் கிழித்துக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கரையைச் சுற்றும் மண்ரோட்டில் போனால் ஒரு மணி நேரம். காய்ந்த ஏரிக்குள் குறுக்கே விட்டால் அதில் பாதிதான்...

"உள்ளயே வுடு தம்பி."

"சேத்துல மாட்டிக்கினா இன்னாக்கா பண்றது?"

"நான் முன்னால போறேன். என் காலப் பாத்துக்கினே வா."

மேலே வெள்ளையாக உப்பு. பார்வைக்கு எல்லாம் ஒரே தரை. அடியில் எங்கே சேறு என்பது அக்காவின் காலுக்குத்தான் தெரியும். செருப்பில்லாமல் ஓடினார். நாலடி ஓட்டம், ஒரு மிதி, பிறகு கை காட்டுவார். நான் திருப்புவேன்.

வேனின் பின்னால் இறால் டிரேக்களுக்கு நடுவே படுத்திருந்த அவர் வீட்டுக்காரர் முதலில் கத்திக்கொண்டே வந்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"அக்கா, அண்ணன் சத்தமே காணோம்!"

அவர் திரும்பவில்லை. "நீ ரோட்டப் பாரு!"

ரோடா... எங்கே இருந்தது ரோடு?

பொறுக்காமல், அவர் கை காட்டுமுன் ஆக்சிலேட்டரை அழுத்திவிட்டேன். பின்சக்கரம் பாதி இறங்கிவிட்டது. அக்கா திட்டவில்லை. இரண்டு டிரேயைச் சக்கரத்தடியில் செருகி, தோள் கொடுத்துத் தள்ளினார். வண்டி எகிறி வெளியே வந்தது. முகத்துச் சேற்றைக்கூடத் துடைக்காமல் மறுபடி ஓடினார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார். அதைக் கேட்ட பிறகுதான் அக்கா தரையில் உட்கார்ந்தார். உப்பு அறுத்து அவர் உள்ளங்கால் இரண்டும் ரத்தமாக இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது சென்னையில் கேப் ஓட்டுகிறேன். போன மாசம் அந்தப் பக்கம் போயிருந்தேன். தார் ரோடு வந்துவிட்டது, வழவழவென்று. அக்காவை ஸ்டேஷனில் விட ஏற்றிக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி, அதே மாதிரி வற்றி...

"இன்னா தம்பி, மாட்டு வண்டியாட்டம் போற? ட்ரெயின் பூடும்!"

சிரித்து மழுப்பினேன். பைபாஸில் நூறில் பறக்கிறவன்தான் நான்... அந்த ஏரி கண்ணில் தெரிகிற வரைக்கும், என்ன செய்தாலும், கால் அழுத்த மாட்டேன் என்கிறது.