மேயர் காவல் காத்த தொட்டி

சுனில்டாவின் சாப்பாட்டுக் கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். வாசல் பக்கத்துக் கண்ணாடித் தொட்டியைக் கை காட்டி, "அந்தக் கடல் முள்ளெலில ரெண்டு குடுங்க, எலுமிச்சை பிழிஞ்சு" என்பார்கள். அடுப்படியிலிருந்து நோல்ஃபா கரண்டியோடு வெளியே வருவாள்.

"அது சாப்பாடு இல்ல, குடித்தனம். சாப்பாடு பலகையில எழுதியிருக்கு. படிங்க."

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சிலிக் கடற்கரையில் பாறையில் ஒட்டியிருப்பது எதுவானாலும் வெங்காயம் கொத்தமல்லி தூவி உள்ளே தள்ளிவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில், அதுவும் சாப்பாட்டுக் கடையில், தின்பதற்கில்லாமல் வெறுமனே பார்ப்பதற்கு முள்ளெலியும் நண்டும் வளர்க்கிறவளை என்னவென்று சொல்வது? நாத்தனார் சுனில்டா சொல்கிற வார்த்தையை இங்கே எழுத முடியாது.

நோல்ஃபாவுக்கு நாற்பத்தொன்பது வயது. ஒன்பது வயதிலிருந்து பாறைக்குட்டைகளில் பாசி அறுத்தவள், கிளிஞ்சல் பெயர்த்தவள். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆகஸ்டு மாதம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தண்ணீர் ஏறி மார்புக்கு வரும்வரை ஆள் வரவில்லை. எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்துவிட்டார்கள். முறிந்த தைரியத்தை யாரும் சேர்த்து வைக்கவில்லை. "இறங்கலாம்மா, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் சொல்லியும் பாறை விளிம்புக்கு வந்ததும் அவள் கால் மரத்துப் போகும். திரும்பிவிடுவாள். வீட்டில் எரிந்து விழுவாள்.

அவள் புருஷன் பவுதிலியோ முத்துக் குளிப்பவன் மாதிரி மூச்சடக்கி மட்டி எடுக்கிறவன். பேச்சிலும் அப்படியே மூச்சடக்கம். போன செப்டம்பரில், எங்கள் ஊரில் வசந்தம் தொடங்கும்போது, ஒரு வார்த்தை சொல்லாமல், மூடிப்போன பேக்கரியின் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுவந்து ஓட்டை அடைத்தான். பழைய பீர் ஃப்ரிட்ஜைப் பிரித்து அதன் குழாய்ச் சுருளைப் பக்கத்தில் பொருத்தினான். வெளியே எந்த வெயில் அடித்தாலும் உள்ளே தண்ணீர் கடலைப் போலவே சில்லென்று இருந்தது. பிறகு ஒரு கல்லை, அதில் ஒட்டியிருந்தவற்றோடு சேர்த்துத் தூக்கிவந்து உள்ளே வைத்தான்.

"ஏ கிழவி, நீ கடலுக்குப் போவ மாட்டேங்கற. அது வந்துருச்சு, பாரு."

நோல்ஃபா அன்றைக்கு அழுதாள். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டாள்.

அடுத்தடுத்து ஆட்கள் சேர்ந்தார்கள். சங்கைச் சுமந்து திரியும் நண்டுகள் வந்தன. ஊதா முள்ளெலிகள் வந்தன. கடற்சாமந்திகள் வந்தன; அவற்றை எங்கள் ஊரில் கடலின் குண்டி என்போம், தொட்டால் சுருங்குவதைப் பார்த்தவர்கள் விளக்கம் கேட்க மாட்டார்கள். கடைசியாகத் தேரைமீன் ஒன்று வந்தது. தட்டைத் தலை, வயிற்றில் உறிஞ்சிப் பிடிக்கும் வட்டு. அலை என்ன அறை அறைந்தாலும் பாறையை விடாது. நோல்ஃபா அதற்கு மேயர் என்று பெயர் வைத்தாள். "ஒக்காந்த எடத்தை விடமாட்டான் பாரு" என்றாள். துணைக்கு ஒரு பெண்ணும் வந்தது.

கடை சுனில்டாவுடையது. பிப்ரவரி வந்தால் கோடை விடுமுறைக் கூட்டம் குவியும். தொட்டி இருக்கும் மூலையில் இரண்டு மேசை போடலாம். "எதாச்சும் நாறட்டும், அன்னிக்கே பெட்டி வெளிய, உள்ள இருக்கறது சூப்பு" என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி நடுவில் மேயர் சாய்ந்த கல்லுக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டான். கிளிஞ்சல் சதையை மூக்குக்கு நேரே நீட்டியும் அசையவில்லை. நோல்ஃபா முகம் பார்க்கும் கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள். கல்லின் அடிப்பக்கம் முழுக்க மஞ்சளாக, கடுகு ஒட்டிவைத்தது போல முட்டைகள். பெண் வேலை முடிந்ததென்று ஒதுங்கிவிட்டது. மேயர் வாலால் விசிறிக்கொண்டு காவலிருந்தான்.

அன்றிலிருந்து நோல்ஃபாவின் உலகமே அந்தக் கல்லடிதான்.

பத்தாம் நாள் சாமந்திகள் சுருங்கின, விரியவில்லை. முள்ளெலி ஒன்று முள்ளை உதிர்த்தது. நண்டுகள் சங்கைவிட்டுப் பாதி வெளியே தொங்கின. நோல்ஃபா பதறிப்போனாள்.

"புதுசா கடல்தண்ணி கொண்டா. நெறைய கொண்டா!"

பவுதிலியோ ஏற்கெனவே தினமும் கொண்டுவருகிறவன்தான். அடுப்பு வெக்கையில் தொட்டித் தண்ணீர் தினம் இரண்டு விரல் இறங்கும். அவன் ஒரு வாளி கடல்தண்ணீர் முகந்து வந்து நிரப்புவான். உள்ளே இருப்பதை இறைத்துக் கொட்ட யாருக்கும் தோன்றியதில்லை. கடல் எப்படிக் கெட்டுப்போகும்? இப்போது காலையும் மாலையும் ஊற்றினார்கள். நிலைமை இன்னும் மோசமானது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் சுனில்டா. "ஞாயித்துக்கெழமை மேசை வருது."

வெள்ளிக்கிழமை நோல்ஃபா மீன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுத் தொட்டியருகே நின்றுவிட்டாள். குழம்பு வற்றிப்போனது. ருசி பார்த்த சுனில்டா முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கரிக்குது! கவனம் எங்க இருக்கு?"

"கொஞ்சம் பச்சத்தண்ணி விடுங்க மதினி, சரியாப் போ..."

நோல்ஃபா வார்த்தையை முடிக்கவில்லை. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தேய்த்து நாக்கில் வைத்தாள். கரண்டியால் தொட்டித் தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். வாளியிலிருந்த கடல்தண்ணீரை ஒரு மிடறு குடித்தாள். வாடிக்கையாளர் ஒருவர் எழுந்து போய்விட்டார்.

"குழம்பு வத்தினா குழம்பையா ஊத்துவோம்? தண்ணிதான் ஆவியாப் போவுது, உப்பு இங்கயே கெடக்கு. நாலு மாசமா அதுமேல உப்பைக் கொட்டியிருக்கோம், மதினி!"

கடலோரத்தில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. கடல்தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிறவன் முதல் வாரமே கண்டுபிடித்திருப்பான்.

"அதுக்காக நல்லதண்ணியா விடப்போற?" சுனில்டா வாயில் கை வைத்தாள். "மழை பெஞ்சு குட்டையில நல்லதண்ணி நெறைஞ்சா எல்லாம் செத்து மெதக்கும். ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். மொத்தமாக ஊற்றினால் கொன்றுவிடும். ஊற்றாவிட்டால் எப்படியும் சாகும். தேநீர்க் கெண்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள். கால் மணிக்கு ஒரு கரண்டி என்று ஊற்ற ஆரம்பித்தாள். நண்டுகளைப் பார்த்து "மன்னிச்சுக்கோங்கடா" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அலைமோதியது. நோல்ஃபாவால் அடுப்பைவிட்டு நகர முடியவில்லை. இரண்டு மணிக்குத் திடீரென்று கெண்டி நினைவு வந்து ஓடிவந்தாள். தொட்டியருகே சுனில்டா நின்றாள். ஒரு கையில் கல்லாச் சாவி, இன்னொரு கையில் கரண்டி.

"என்ன பாக்கற? ஒருதடவகூடத் தவறல. அந்த மேயர் என்னையே மொறைக்கறான்டி, ஓட்டுப் போடாதவளப் பாக்கற மாதிரி."

மேசை வரவில்லை. செவ்வாய்க்கிழமை முதல் சாமந்தி விரிந்தது. அடுத்த வாரம் கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு கடுகுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கண்கள்.

பிப்ரவரி பதினேழாம் தேதி காலை தொட்டி முழுக்கக் கண்ணிமை முடி அளவுக் குஞ்சுகள் துள்ளின. சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. சாமந்திகள் குஞ்சுகளைப் பிடித்து விழுங்க ஆரம்பித்தன; அவற்றுக்குப் பந்தி போட்டது போல ஆனது. இங்கே ஒன்றும் தேறாது. கடலுக்குப் போனால் சிலதாவது பிழைக்கும். கிண்ணத்தால் அலுங்காமல் முகந்து வாளியில் சேர்த்தார்கள். கடல் அப்போது நன்றாக வற்றியிருந்தது.

"குடு, நான் கொண்டுபோய் விட்டுடறேன்" என்றான் பவுதிலியோ.

நோல்ஃபா வாளியைக் கொடுக்கவில்லை. "நீ தொபுக்குனு கவுத்துருவே."

பாறை விளிம்புவரை சுனில்டாவும் சேர்ந்து மூவரும் போனார்கள். அங்கே வழக்கம்போல அவள் கால் மரத்தது. வாளிக்குள் பார்த்தாள். பிறகு, ஊரே பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல், பாறையில் உட்கார்ந்தாள். பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். வாளி மடியில். முன்னால் சுனில்டா சமையல் ஏப்ரனோடு, அவள் பாதங்களைப் பிடித்து ஒவ்வொன்றாகப் பாறையில் ஊன்றிவைத்தபடி பின்பக்கமாக இறங்கினாள்.

"மெதுவாடி. விழுந்தா என் மேலதான் விழுவே. நான் என்ன மெத்தையா?"

"மெத்தைதான் மதினி, சந்தேகமென்ன?"

சிறுவயதில் அவள் முதன்முதலாகப் பாசி அறுத்த குட்டை அப்படியே இருந்தது. வாளியைச் சாய்த்து, குஞ்சுகளைத் தண்ணீரோடு தண்ணீராக விட்டாள். ஒரு நொடி மினுமினுத்தார்கள். பிறகு பாசிக்குள் மறைந்துவிட்டார்கள்.

மேலேயிருந்து பவுதிலியோ குரல் கொடுத்தான். "கிழவி, கடைக்கு ஆள் வந்து நிக்குது. ஏறி வா."

"நிக்கட்டும்" என்றாள் நோல்ஃபா. செருப்பைக் கழற்றி நாத்தனாரின் கையில் கொடுத்துவிட்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.