பின்னால் தள்ளினால் அணையும் விளக்கு

மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெட்ரோல் பங்க் ஓரம் டிரெய்லருக்குப் பின்னால் நின்று, வரலாம் வரலாம் என்று அவள் கை காட்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் கறுப்பு மழைக்கோட்டு. பக்கத்துக் கொட்டகையிலிருந்து ஒருவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். "கொஞ்சம் திரும்பி நில்லும்மா" என்றார். என்னவோ ஏதோ என்று திரும்பினாள். அவர் தோளில் கிடந்த துணியால் கோட்டின் முதுகைத் துடைத்து, பளபளக்கிற டேப்பை இரண்டு பட்டையாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். பேர் கேட்கவில்லை, நன்றி வாங்கிக்கொள்ளக்கூட நிற்கவில்லை.

"யாரது, உன் முதுகுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறது?" என்று புருஷன் ஜன்னல் வழியாகக் கேட்டான். சாயங்காலம் வீட்டில் கோட்டை ஆணியில் மாட்டியபோது சமையலறை பல்பு வெளிச்சம் பட்டு அந்தப் பட்டைகள் தகதக என்று மின்னின. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷமாக இருட்டில் கறுப்புக் கோட்டோடு வண்டிக்குப் பின்னால் நின்றிருக்கிறோமே என்று நினைத்தபடி அந்தப் பட்டைகளை விரலால் தடவிப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஒரு மனுஷர் நினைத்துப் பார்த்திருக்கிறாரே என்று கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அவரை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தச்சர் காதில் பென்சில் செருகுவதுபோல அவர் காதில் எப்போதும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று இருக்கும். லாரி, வேன், டிராக்டர் எது வந்தாலும் ஒயர் வேலை அவருடையது. மனைவி காலமாகி, ஒரே மகளையும் வெளியூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். பேட்டரியைத் தொடுவதற்கு முன் ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார். வேலை முடிந்தால் சரியாகிவிட்டது என்று அவர் வாயிலிருந்து வராது. "இப்போதைக்கு எரியுது" என்பார். அவ்வளவுதான். பேசிப் பழகியபின் அவள் அவரை அண்ணே என்றாள். உடனே அவள் புருஷன் உரிமையோடு மச்சான் என்று ஆரம்பித்துவிட்டான்.

புருஷனும் அவளும் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் துணி ஏற்றி இறக்குகிறவர்கள். அழுக்கு விரிப்புகளைச் சலவை ஆலைக்குக் கொண்டுபோய், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அவன் பிக்கப் வண்டியை ஓட்டுவான். பின்னால் கொக்கியில் மூடிய டிரெய்லர் வரும். டிரெய்லர் வண்டியைவிட உயரம். திரும்பிப் பார்த்தால் தகரம்தான் தெரியும். பக்கக் கண்ணாடிகளில் இரண்டு ஓரங்கள் மட்டும் தெரியும். அதனால் பின்னால் எடுக்கும்போதெல்லாம் அவள் இறங்கி நிற்க வேண்டும்.

மற்ற இடங்களில் பயமில்லை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்தான் அவளுக்கு எமன். தெருவிலிருந்து சரிவாக இறங்கி, அப்புறம் சமதளமாக நீண்டு, கடைசியில் ஒரு சுவரில் போய் முட்டும் இடம் அது. சுவர் ஓரம் சக்கரம் வைத்த துணிக்கூடைகள் நிற்கும். ஒரு பக்கம் மூடியில்லாத சாக்கடைக் கால்வாய். சக்கரம் அதில் இறங்காமல் பார்க்க வேண்டுமென்றால் சுவரை ஒட்டி நின்றுதான் பார்க்க முடியும். மேலே பெரிய காற்றாடி ஓயாமல் இரையும். கூப்பிட்டால் கூப்பிட்டவருக்கே கேட்காது. அங்கிருந்த ஒரே பல்பு இருந்தும் இல்லாததுபோல. அவள் டார்ச்சை ஆட்டுவாள். அந்த வெளிச்சம் கண்ணாடியில் தெரிந்தால் வருவான், தெரியாவிட்டால் நிறுத்துவான். டிரெய்லர் சரிவில் இறங்கத் தொடங்கும்போது, ஆண்டவனே ஆண்டவனே என்று அவள் உதடு தானாக முணுமுணுக்கும்.

ஒருநாள் டார்ச் கை நழுவிக் கால்வாயில் விழுந்தது. அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. டெஸ்டரிடம் போய், ரிவர்ஸ் கியர் போட்டதும் டிரெய்லரின் பின்பக்கம் பளிச்சென்று எரிகிற மாதிரி விளக்கு வைத்துக் கொடுங்கள் அண்ணே என்று கேட்டாள். வைத்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை விளக்கு. கொட்டகையில் நிற்கவைத்து, புருஷன் ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வாசல் முழுக்கப் பால்போல வெளிச்சம் பரவியது.

"இப்போதைக்கு எரியுது" என்றார் டெஸ்டர்.

மறுநாள் காலை அவள் டார்ச் இல்லாமல், கொஞ்சம் தெம்பாகவே, சுவர் ஓரம் போய் நின்றாள். வெளிச்சத்தில் அவள் கையைக் கண்ணாடி வழியாகப் பார்த்து வருவதாகப் பேச்சு. சரிவில் டிரெய்லர் இறங்கியபோது இரண்டு விளக்கும் நன்றாக எரிந்தன. கால்வாயின் விளிம்பு, கூடைகளின் சக்கரம், தன் செருப்பில் ஒட்டியிருந்த சேறு எல்லாம் தெரிந்தது. அப்பாடா என்று மனசுக்குள் சொன்னாள். டிரெய்லர் சமதளத்துக்கு வந்தது. பொசுக்கென்று விளக்குகள் அணைந்தன.

கண்ணைக் கட்டி விட்டதுபோல ஆகிவிட்டது. வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்த ஒற்றைப் பல்பும் தெரியவில்லை. கத்தினாள். காற்றாடி அதை விழுங்கியது. டயர் நசநசவென்று அருகில் வருவது மட்டும் கேட்டது. எந்தப் பக்கம் ஒதுங்குவது? இந்தப் பக்கம் கால்வாய், அந்தப் பக்கம் கூடைகள். கால் தரையில் வேர் பிடித்ததுபோல நின்றுவிட்டது. எதற்கென்றே தெரியாமல் ஒரு கூடையை இழுத்துத் தனக்கு முன்னால் போட்டாள். அதை டிரெய்லர் சுவரோடு வைத்து நெரித்தது. இரும்புக் கம்பிகள் வளைகிற சத்தம் அவள் விலா எலும்பிலேயே கேட்டதுபோல இருந்தது. ஸ்டியரிங்கை நேராக்க முன்பக்கம் பார்த்திருந்த புருஷனுக்கு விளக்கு அணைந்தது தெரியவில்லை, அந்த முட்டல்தான் தெரிந்தது, வண்டி நின்றது. கூடைக்கும் சுவருக்கும் நடுவில், துணி மூட்டைகளுக்குள் முகம் புதைந்து அவள் நின்றிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கடவுள் போட்ட பிச்சை என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

புருஷன் இறங்கி ஓடிவந்தான். அவளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் வண்டிக்குத் திரும்பி ரிவர்ஸ் போட்டு முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்தான். விளக்கு எரிந்தது. எரிகிற விளக்கைக் காட்டி, இதுவா அணைந்தது என்று சிரித்தான். சிரித்தானே தவிர, நெரிந்த கூடையை அவன் இரண்டுமுறை திரும்பிப் பார்த்ததை அவள் கவனித்தாள்.

அன்றே கொட்டகைக்குப் போனார்கள். டெஸ்டர் பியூஸைப் பார்த்தார், பல்பைக் கழற்றிப் பார்த்தார், கியரோடு சேர்ந்த சுவிட்சைப் பார்த்தார், பிளக்கை ஆட்டிப் பார்த்தார், ஒயர் நெடுகக் கையால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் குறையில்லை. விளக்கு கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் எரிந்தது.

"மச்சான், லைட்டு அணையல. உங்க தங்கச்சிக்குத்தான் பியூஸ் போயிடுச்சு" என்றான் புருஷன். கொட்டகையில் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. பயத்தில் நாமே கண்ணை மூடிக்கொண்டோமோ என்ற சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது. கண்ணையே நம்ப முடியாவிட்டால் நாளைக் காலையில் அந்தச் சுவர் ஓரம் எப்படி நிற்பது? நிற்கமாட்டேன் என்றால் ஆஸ்பத்திரித் துணி காத்திருக்காது. அவன் யாரும் இல்லாமல் பின்னால் எடுப்பான், கூடை தள்ளுகிற பெண்கள் யாராவது குறுக்கே வருவார்கள்.

டெஸ்டர் சிரிக்கவில்லை. காதிலிருந்து டெஸ்டரை எடுத்து, திரும்பச் செருகிக்கொண்டார்.

"நாளைக்கு நான் வந்து அந்த இடத்துல நிக்கிறேன்" என்றார்.

காலையில் சொன்னபடி வந்தார். கையில் ஒரு டெஸ்ட் பல்பும் நீளமான ஒரு ஒயரும். அவளைச் சரிவின் கீழே, சமதளம் தொடங்குகிற இடத்தில், ஓட்டுநர் கதவுக்குக் கை எட்டும் பக்கமாக நிறுத்தினார். விளக்கு அணைந்தால் கதவில் ஓங்கித் தட்ட வேண்டும், அது ஒன்றுதான் அவள் வேலை என்றார். பிறகு சுவர் ஓரம் போய், நேற்று அவள் நின்ற இடத்திலேயே நின்றார். நெரிந்த கூடை இன்னும் அங்கேயே கிடந்தது. அதைப் பார்த்தார். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். அவருக்கும் பயம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு மனுஷரைத் தன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே, கதவைத் தட்டக் கை வராமல் போனால்? உள்ளங்கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டாள்.

டிரெய்லர் இறங்கியது. விளக்கு எரிந்தது. சுவர் ஓரம் டெஸ்டர் வெள்ளையாக, பிசகாமல் நின்றார். டிரெய்லரின் சக்கரங்கள் சமதளத்தைத் தொட்டன, வண்டியின் சக்கரங்களும் தொட்டன. அவர் இருந்த இடம் இருட்டானது.

அவள் தட்டினாள். தட்டினாள் என்பதைவிடக் கதவை அறைந்தாள், வண்டி நின்றபிறகும் அறைந்துகொண்டே இருந்தாள். புருஷன் இறங்கிவந்து அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவன் திரும்பி இருட்டைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்படியே நிக்கட்டும். ஒண்ணையும் அசைக்காதீங்க" என்று டெஸ்டரின் குரல் அருகில் வந்தது. டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு வந்து கொக்கியருகில் மண்டியிட்டார். நேற்று புருஷன் செய்ததுபோல வண்டியை அசைத்திருந்தால் விளக்கு மறுபடி எரிந்து, குறை ஒளிந்துகொண்டிருக்கும். கொண்டுவந்த ஒயரின் ஒரு முனையை வண்டியின் இரும்பிலும், இன்னொன்றை டிரெய்லரின் இரும்பிலும் வைத்து அழுத்தினார். விளக்குகள் குப்பென்று எரிந்தன. எடுத்தார், அணைந்தன. வைத்தார், எரிந்தன.

"எர்த் இல்ல" என்றார்.

விளக்குக்குப் போகிற கரண்ட் திரும்பி வர ஒரு வழி வேண்டும். அந்த டிரெய்லரில் அதற்குத் தனி ஒயர் இல்லை. வண்டியின் பின்னால் இருக்கிற இரும்பு உருண்டையும், அதன்மேல் கவிழ்ந்து உட்காருகிற டிரெய்லரின் இரும்புக் கிண்ணமும் உரசுகிற இடம்தான் வழி. பழைய சின்ன விளக்குகள் அப்படித்தான் எரிந்துவந்தன, அதையே நம்பிப் புது விளக்கையும் மாட்டியிருந்தார். வண்டி இழுக்கும்போது உருண்டையின் ஒரு பக்கம் கிண்ணத்தோடு அழுந்தும். தினமும் அழுந்தி அழுந்தி அந்தப் பக்கம் கண்ணாடிபோலப் பளபளத்தது. சரிவில் இறங்கும்போதும் டிரெய்லர் தன் பாரத்தால் இழுத்துக்கொண்டே போகும், அதே பக்கம்தான். சமதளம் வந்தபின்தான் வண்டி தள்ளும். தள்ளினால் உருண்டையின் மறுபக்கம் அழுந்தும். அந்தப் பக்கம் விரல் பதிகிற கனத்துக்கு கிரீஸ். கொட்டகையில் ஏன் அணையவில்லை என்றால், அது முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறுகிற கொட்டகை. அங்கே எந்த வண்டியும் பின்னால் போனதே இல்லை.

அந்த கிரீஸைப் பூசியவள் அவள்தான். உருண்டை கிறீச்சென்று கத்தினால் ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிற நோயாளிகளுக்குத் தூக்கம் கெடுமே என்று, வாரம் தவறாமல், பிள்ளைக்கு எண்ணெய் வைப்பதுபோலக் கையால் அள்ளிப் பூசுவாள். என் கையாலேயே எனக்குக் குழி வெட்டினேனா அண்ணே என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெஸ்டர் தலையாட்டி மறுத்தார். கிரீஸ் தன் வேலையைத்தான் செய்தது, ஒயர் போடாமல் விட்டது நான் என்று சொல்லிவிட்டு அங்கேயே, அந்த அரையிருட்டிலேயே, தனி எர்த் ஒயர் இழுக்கத் தொடங்கினார். புருஷன் டெஸ்ட் பல்பை எரியவிட்டுப் பிடித்தான். வேலை முடிகிறவரை ஒரு வார்த்தை கேலி இல்லை. முடிந்தபின் டெஸ்டர் மறுபடி சுவர் ஓரம் போய் நின்று, சமதளத்தில் வண்டியைப் பலமுறை தள்ளச் சொன்னார். விளக்கு ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. அன்று மட்டும் அவர் இப்போதைக்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

அதன்பிறகு வருஷங்கள் ஓடின. விளக்கு அணையவே இல்லை. ஆனாலும் டிரெய்லர் சமதளத்தைத் தொடுகிற அந்த ஒரு கணத்தில் அவள் மூச்சு நின்றுதான் வரும். கிரீஸ் டப்பாவை அவள் திரும்பத் தொடவே இல்லை. ஒயர் இருக்கிறதே என்று புருஷன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கை போகவில்லை. உருண்டை தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திக்கொண்டு வந்தது. நம்ம வண்டிக்கு ஹாரனே தேவையில்லை என்றான் அவன்.

ஒருநாள் மதியம் ஆஸ்பத்திரி வாசலில் டெஸ்டரைப் பார்த்தார்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. காதில் டெஸ்டர் இல்லை. கொட்டகையை விட்டுவிட்டு மகள் ஊருக்கே போய்விடுவதாகச் சொன்னார். அங்கே உங்களுக்கு லைட்டு போட யார் இருக்கா மச்சான் என்று புருஷன் சிரிக்கவைக்கப் பார்த்தான். அவர் சிரித்தார். உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் அண்ணே என்பதை மட்டும் அவள் எப்படியோ சொன்னாள்.

வண்டியைப் பின்னால் எடுத்து அவர்கள் ஏறப்போகும் காருக்கு வழிவிட வேண்டியிருந்தது. உருண்டை கிறீச்சென்று கத்தியது. வாசலோரம் துண்டு விரித்துப் படுத்திருந்த ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்தார். காரில் ஒரு காலை வைத்திருந்த டெஸ்டர் அப்படியே நின்று, கொக்கியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டதுபோல, அருகில் வரும்படி கையசைத்தார். அவள் ஓடிப்போய் நின்றாள். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கிரீஸ் வைம்மா. தாராளமா வை. பயப்படாத, ஒயரை நான் நல்லா முறுக்கித்தான் விட்டிருக்கேன்."