நைனா வாங்கிய சைக்கிள்

எங்கள் நைனாவை சைக்கிள் வாங்கச் சொன்னது டாக்டர்தான். நைனா திருவொற்றியூரில் ஒரு தோல் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார், நடுவில் இருக்கும் நேரமெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கிடங்கின் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கியதும் அம்மா அவரை டாக்டரிடம் அழைத்துப் போனாள். உடம்பு அசைய வேண்டும், வேலைக்கு சைக்கிளில் போனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றார் டாக்டர். நைனா அதற்கு ஏன் அப்படி முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நாடு சுதந்திரம் வாங்கி நாலைந்து வருஷமாகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

சைக்கிளைத் தேர்ந்தெடுக்க நைனா இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். தெருவில் சைக்கிளோடு வருகிற ஒருவரையும் விடுவதில்லை. தபால்காரரை நிறுத்தி பிரேக்கை அமுக்கிப் பார்ப்பார். பால்காரரின் சைக்கிள் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, கோணல் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். சீமையிலிருந்து வருகிற வண்டி நல்லதா, இங்கேயே செய்கிற வண்டி நல்லதா என்பதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். செயினை மூடக் கவர் வேண்டும், டைனமோ விளக்கு வேண்டும், சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் கெட்டியாக இருக்க வேண்டும். சைக்கிளைப் பற்றி எங்கள் நைனாவுக்குத் தெரிந்த அளவு ராயபுரத்தில் யாருக்கும் தெரியாது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்யும் அல்ல.

வாங்கும் நாள் அன்று மாமாவும் கூட வந்தார். மாமா அம்மாவின் அண்ணன், துறைமுகத்தில் வேலை, பத்து வயதிலிருந்து சைக்கிள் மேலேயே இருப்பவர். வண்ணாரப்பேட்டையில் தெற்கத்திக்காரர் ஒருவரின் கடை. நைனா வரிசையாக நின்ற வண்டிகளில் ஒவ்வொன்றாகக் கம்பியைச் சுண்டிக் கேட்டு, பெடலைக் கையால் சுற்றி, கடைசியில் கறுப்பு நிறத்தில் ஒன்றைத் தொட்டார். கடைக்காரருக்கு மரியாதை வந்துவிட்டது.

"ரொம்ப விவரமாப் பாக்கீங்களே அண்ணாச்சி. ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார்.

வாங்குகிறவன் வெளியிலிருந்து பார்த்தால்தான் வண்டியின் ஓட்டம் தெரியும் என்று சொல்லி, நைனா மாமாவை ஏறச் சொன்னார். மாமா கடைத்தெருவில் கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து ஓட்டிவிட்டு வந்து, வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது என்றார். நைனா தலையை ஆட்டி, முன்பிரேக் கொஞ்சம் இறுக்கம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. புது வண்டியை முதல் நாளே ஓட்டக் கூடாது என்று சொல்லி, என்னைக் கேரியரில் உட்கார வைத்து ராயபுரம் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார்.

மறுநாளிலிருந்து நைனா ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார். கால்சராயின் இரண்டு காலிலும் கிளிப் மாட்டிக்கொள்வார். தெருவில் குழந்தைகள் விளையாடுவதால் தெருமுனை வரை தள்ளிக்கொண்டுதான் போவார். ஒரு மணி நேரம் எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அவளும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து இட்லி ஊற்றினாள்.

எனக்குப் பள்ளிக்கூட விடுமுறையாக இருந்த ஒரு நாள் நைனா மூக்குக் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போய் ரொம்ப நேரமாகியிருந்தது. அம்மா அதை என் கையில் கொடுத்து, ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வா என்றாள். சைக்கிளில் போனவரை ஓடிப் பிடிக்க முடியும் என்று அவள் எப்படி நினைத்தாள் என்று நான் யோசிக்கவே இல்லை. ஓடினேன். காசிமேட்டுத் திருப்பத்தைத் தாண்டியதும் அவர் முதுகு தெரிந்தது. பக்கத்தில் சைக்கிள். மீன்கூடை வைத்திருந்த ஒரு கிழவி அவரைக் கடந்து வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

"பஞ்சர்" என்றார் என்னைப் பார்த்ததும்.

நான் இரண்டு டயரையும் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. அவரிடமிருந்தே கற்றுக்கொண்ட வித்தை அது. நைனா சைக்கிளை ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டுக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"எனக்கு ஓட்டத் தெரியாது பாப்பா" என்றார். "உங்கம்மாவைப் பொண்ணு பாக்க வந்தப்போ, சைக்கிள் ஓட்டுவீங்களான்னு உங்க மாமா கேட்டாரு. ஓட்டுவேன்னுட்டேன்."

"ஏன் நைனா?"

"உங்கம்மா கதவாண்ட நின்னு கேட்டுகினு இருந்தா."

அவ்வளவுதான் சொன்னார். அம்மாவிடம் சொல்லாதே என்றுகூடச் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதரின் ரகசியம் என் வயிற்றுக்குள் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. தினம் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்து நடந்து நைனா இளைத்தார். மூன்றாம் மாதம் டாக்டர் அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, சைக்கிளுக்கு இணையான மருந்து இல்லை என்றார்.

அப்போதுதான் மாதவரத்திலிருந்து அத்தை வந்தாள். நைனாவின் அக்கா. அவள் சொன்னால் எங்கள் வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திருவொற்றியூர் கோவிலுக்குப் போவது என்று முடிவு செய்தாள். வாசலில் நின்றுகொண்டு, தானும் பிள்ளைகளும் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள்.

"தம்பி, நீ அவளை சைக்கிள்ல குந்த வச்சி இட்டுகினு வா. வண்டி வாங்கி இம்மாநாளாச்சி, ஒருவாட்டி கூட நீ அவளை ஏத்தினதில்லன்றாளே."

தெருவே வேடிக்கை பார்த்தது. நைனா ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். கழுத்தில் வியர்வை ஓடியது. ஏறினால் அவர் விழுவது மட்டும் அல்ல, பட்டுப்புடவையோடு அம்மாவும் நடுத்தெருவில் விழுவாள். பெண் பார்த்த நாளிலிருந்து சொன்னது எல்லாம் வெளிவரும். அம்மா மெல்ல வந்து கேரியரில் கை வைத்தாள். உடனே கையை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு பயமா கீது அண்ணி. இதுல குந்துனா தலை சுத்தும். நான் நடந்தே வந்துடறேன்."

அத்தை சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். ஆபத்து விலகியதும் நைனாவுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. "மெதுவா ஓட்றேன், பயப்படாம குந்து" என்றார்.

"வேணாங்க" என்றாள் அம்மா.

அத்தை பஸ்ஸில் போனாள். அம்மாவும் நைனாவும் சைக்கிளை நடுவில் விட்டு நடந்தார்கள். நானும் அவர்களோடு போனேன். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். எதைப் பற்றி என்று நினைவில்லை. எனக்கு அம்மாவின் மேல் கோபம்கூட இருந்தது. நைனாவைக் காப்பாற்றியது அவள் பயம்தான், ஆனாலும் ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு பயமா?

அத்தை அந்தக் கதையை விடவில்லை. கல்யாண வீடுகளில், காதுகுத்தில், கேரியரைத் தொட்டுவிட்டுக் கையை உதறியவள் என்று அம்மாவை நடித்துக் காட்டுவாள். நானும் நடித்துக் காட்டியிருக்கிறேன். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள்.

நைனா பிறகு ஓட்டக் கற்றுக்கொண்டார். எங்கே, யாரிடம் என்று தெரியாது. இரண்டு வாரம் முழங்கையில் காயம் இருந்தது. கிடங்கில் மூட்டை இடித்துவிட்டது என்றார். அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்தபடி தெருவுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் நிறுத்த முடியாமல் தாண்டிப் போய், எதிர்ச் சுவரில் காலை ஊன்றி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். பாவம், அவரை மெச்சிக்கொள்ள ஊரில் ஒருவரும் இல்லை. ஊருக்கு அவர் மாதக்கணக்காக ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்க" என்றாள் அம்மா.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மாமா வீட்டில் பேச்சுவாக்கில் அந்தக் கேரியர் கதையைச் சொன்னேன். மாமா சிரிக்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"யாரு, உங்கம்மாவா? சின்னதுல என் ஹாண்டில்பார் மேல குந்திகினு எண்ணூர் வரைக்கும் வருவா. கையை வுட்டுட்டு ஓட்டுன்னுவா. எனக்குத்தான் பயம்."

நேராக அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நைனா பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மாமாவுக்கு வயசாயிடுச்சி" என்றாள், குரலைத் தாழ்த்தி.